இருளாயியின் கைக்கட்டு

பாலக்கரையில் இட்லி விற்ற இருளாயிக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், இல்லைன்னு சொல்லலை. அதுக்காக வண்டிக்கார ஆண்டி அவளைப் பிடித்துத் தள்ளியிருக்க வேண்டாம். அவன் வண்டியை அவள் கடைக்கு முன்னால் நிறுத்தினான், அவள் அவன் பரம்பரையையே இழுத்தாள், அவன் தள்ளினான். வலது கை முறிந்துபோச்சு. முப்பத்தி நாலாம் வருஷம் பங்குனி மாசம் அது.

ஏட்டையா வந்து, ஆண்டிக்கு ஆறு மாசம் ஜெயில் நிச்சயம் என்றார். தெருப் பெரியவர் தங்கையன் அவரிடம் ஒரு நாள் தவணை கேட்டுப் பஞ்சாயத்தைக் கூட்டினார். இருளாயி எல்லாருக்கும் முன்னால் கேட்டாள்: "இவன் உள்ளே போய்க் களி தின்னா, எனக்கு யாருங்க மாவாட்டுவா?"

அதுவே தீர்ப்பாச்சு. அவள் கை கூடும்வரை ஆண்டி தினம் சாயங்காலம் வந்து மாவாட்டணும். ஒரு நாள் தவறினாலும் கேஸ் ஸ்டேஷனுக்குப் போயிடும்.

மீசை வைத்த ஆம்பளை ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்தால் தெரு சும்மா இருக்குமா? முதல் வாரம் சிரித்துத் தீர்த்தது. ஆண்டி தலையே நிமிரலை. அப்புறம் மெல்லப் பேச ஆரம்பித்தான். மாட்டுக்குக் குளம்பில் புண், மாசமாயிருக்கிற பெண்டாட்டி மருங்காபுரிக்குத் தாய்வீடு போகணும், இப்படி ஏதாவது. இருளாயியின் புருஷன் செத்துப் பதினோரு வருஷமாக அந்த வீட்டுக்குள் இன்னொரு குரல் கேட்டதில்லை. பிள்ளையும் இல்லை அவளுக்கு. "உளுந்து பதம் போதுமா ஆத்தா?" என்று அவன் கேட்டாலே இருளாயிக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

வைகாசியில் கை கூடிவிட்டது. பாவி, அவள் கைக்கட்டை அவிழ்க்கவில்லை.

ஆடிக் கடைசியில் ஆண்டி ஓடிவந்தான். "ஆத்தா, பொம்பளைப் பிள்ளை பிறந்திருக்காம்! ரெண்டே நாள், பார்த்துட்டு வந்துடறேன்."

ரெண்டு சாயங்காலம் வெறும் வீடு. அந்த நினைப்பே அவளுக்குத் தாங்கலை.

"கை இன்னும் விண்ணு விண்ணுன்னு வலிக்குதேப்பா," என்றாள்.

ஆண்டி உட்கார்ந்து ஆட்டினான். நடுவில் அவன் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவள் பார்த்தாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கலை. மறுநாள் அவன் வந்தபோது, கட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு அவளே ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"எப்பலேருந்து ஆத்தா?"

"வைகாசியிலேருந்து."

திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவன் திரும்பி நடந்துவிட்டான்.

கார்த்திகையில் ஆண்டியின் பெண்டாட்டி பிள்ளையோடு வந்துசேர்ந்தாள். இருளாயி தானே போய்த் தங்கையனிடம் பஞ்சாயத்தைக் கூட்டச் சொன்னாள்.

"ரெண்டு மாசத்துக்கு மேல இவனை ஏமாத்திட்டேங்க. இவனுக்குச் சொன்ன மாதிரி எனக்கும் ஒரு தீர்ப்பு சொல்லுங்க. தினம் இவன் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைக் குளிப்பாட்டி விடறேன்."

தங்கையன் ஆண்டியைப் பார்த்தார். இருளாயியும் பார்த்தாள், சரின்னு சொல்லுடா சாமி என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டு.

"வேண்டாங்க," என்றான் ஆண்டி, தன்மையாகவே. "வயசான மனுஷி, பாவம். நான் அப்பவே மன்னிச்சுட்டேன். ஆத்தா எனக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம்."

என்ன மனசு, என்ன மனசு என்று எல்லாரும் அவனைக் கொண்டாடினார்கள். வழக்கு தீர்ந்தது என்று தங்கையன் துண்டை உதறி எழுந்தார். இருளாயி எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டாள். இனி அவள் அந்த வீட்டுப் படியேறவும், அவன் இந்த வீட்டுக்கு வரவும் ஒரு காரணமும் மிச்சமில்லை.