ஒரு சாண் குறைந்த ஆறு கதவுகள்

எங்கள் நகராட்சி அலுவலகத்தில் 'கதவக்கா' என்றால் எல்லோருக்கும் தெரியும். கடைவீதி நடுவில் இருக்கும் பொதுக் கழிப்பறையில் பெண்கள் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவர். ஒன்பது வருடமாகத் தற்காலிகம். இன்னும் நான்கு மாதத்தில் நிரந்தரமாக வேண்டியவர். அந்த நேரம் பார்த்துத்தான் அரசாங்கக் கதவுகளை ரம்பத்தால் அறுத்தார்.

இந்த வேலைக்கு வருமுன் பதினோரு வருடம் ஒரு மருத்துவமனையில் ஆயா வேலை. ஒருவர் விழப் போகிறார் என்பதை அவர் சுவரில் கை வைக்கும் விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். வீட்டுக்காரர் கூரியர் கடையில் பார்சல் பிரிப்பவர். தங்கை மகள் இவர்களோடு தங்கி நர்சிங் படிக்கிறாள். மூன்று பேருக்கு ஒன்றரை அறை.

கழிப்பறையில் அக்கா வேலை பார்க்கும் முறை எளிது. குனிந்து கதவுக்குக் கீழே பார்ப்பார். இரண்டு கால் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு இருந்தால் தட்டுவார். ஆண் செருப்பு தெரிந்தால் துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தட்டுவார். கால் படுத்த வாக்கில் இருந்தால் தட்டிக்கொண்டிருக்க மாட்டார்.

போன வருடம் பெண்கள் பக்கம் ஒருவன் ஒளிந்திருந்து பிடிபட்டான். பத்திரிகையில் வந்தது. உடனே எங்கள் அலுவலகம் விழித்துக்கொண்டு 'பாதுகாப்பு மேம்பாட்டுக் குழு' அமைத்தது. ஏழு பேர். ஏழும் ஆண்கள். பெண்கள் கழிப்பறையை ஒரு மணி நேரம் பூட்டி வைத்து, ஆளில்லாத நேரத்தில் பார்வையிட்டு, அசம்பாவிதம் எதுவும் காணப்படவில்லை என்று எழுதினார்கள். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேநீர் எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டார்கள்.

பிறகு மேம்பாடு நடந்தது. நகராட்சித் தலைவர் படத்தோடு ஒரு பலகை. அந்தப் பலகையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கேமரா. பொதுமக்கள் விளையாட்டாக அழுத்திவிடக் கூடாதென்று, கைக்கு எட்டாத உயரத்தில் ஓர் அபாய மணிப் பொத்தான். கடைசியாக இரண்டு பக்கமும் தரையைத் தொடும் முழுக் கதவுகள், பெண்கள் பக்கம் ஆறு, பெட்டகத்துக்குப் போடுவது போன்ற இரும்புத் தாழ்ப்பாளோடு. ஒளிந்துகொள்ள நினைப்பவனுக்கு இதைவிட வசதி செய்து தர யாராலும் முடியாது.

கதவு மாட்டிய மூன்றாம் வாரம், சர்க்கரை நோயுள்ள ஒரு பெண் உள்ளே மயங்கி விழுந்தார். நாற்பது நிமிடம் யாருக்கும் தெரியவில்லை. தீயணைப்பு வீரர்கள் வந்து கதவை உடைத்துத் தூக்கினார்கள். உயிர் பிழைத்தது. உடைந்த கதவுக்குப் பதிலாக அதே போல் இன்னொரு முழுக் கதவை மாட்டிவிட்டுப் போனார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா தன் கொழுந்தனைக் கூட்டி வந்தார். அவர் தச்சர். ஆறு கதவுகளிலும் கீழே ஒரு சாண் போயிற்று.

திங்கட்கிழமை குறிப்பாணை போனது. அதை எழுதியவன் நான். எங்கள் குடும்பத்தில் மட்டுமல்ல, எங்கள் கிராமத்திலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். 'தன்னிச்சையாகவும் உள்நோக்கத்துடனும் அரசுச் சொத்துக்குச் சேதம் விளைவித்து' என்று அழகாக எழுதியிருந்தேன். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"படிச்ச புள்ள, நீயே சொல்லு. உள்நோக்கம்னா என்ன?"

"மனசுல ஒரு எண்ணம் வச்சுக்கிட்டுச் செஞ்சதுன்னு அர்த்தம்க்கா."

"ஆமா, எண்ணம் வச்சுத்தான் செஞ்சேன். பின்ன எண்ணமில்லாம அறுக்க நான் என்ன உங்க குழுவா?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "வேலை போயிடுமா தம்பி?"

போகும் என்று எனக்குத் தெரியும். "விசாரணை இருக்குக்கா" என்றேன். நான் படித்த படிப்புக்கு அவ்வளவுதான் வாயில் வந்தது.

விசாரணை அன்று அதிகாரி நடுவில், பொறியாளர் பக்கத்தில், குறிப்பெடுக்க நான். அக்காவுக்கு நாற்காலி போடவில்லை.

"யாரைக் கேட்டும்மா கதவை அறுத்த?" என்றார் அதிகாரி.

"விழுந்து கிடந்தவங்களைத்தான் சார் கேட்டிருக்கணும். அவங்க பேசுற நிலையில இல்ல."

"கீழ அவ்வளவு சந்து விட்டா பெண்களுக்கு என்ன பாதுகாப்பு?" என்றார் பொறியாளர்.

"சார் எப்பவாவது பொம்பளைங்க பக்கம் உள்ள வந்து பார்த்திருக்கீங்களா?"

"என்னம்மா பேச்சு இது?"

"வரலைன்னு தெரியுது சார். வந்திருந்தா அந்த மணியை ஆகாசத்துல வச்சிருக்க மாட்டீங்க."

பொறியாளருக்கு முகம் சிவந்துவிட்டது. "வரைபடம்னு ஒண்ணு இருக்கு தெரியுமா? நாங்க அதைத் தாண்டி ஒரு அங்குலம் போக மாட்டோம். நீ யாரு அதை மாத்த?"

வரைபடம் என் முன்னால் இருந்த கோப்பில்தான் அடியில் மடித்துக் கட்டிக் கிடந்தது. மடித்த பிறகு பிரிந்ததற்கான அடையாளமே இல்லை. நான் பிரித்தேன். கதவின் பக்கவாட்டுப் படம். கீழே அம்புக்குறி போட்டு, தரையிலிருந்து இடைவெளி இருநூற்று இருபத்தைந்து மில்லிமீட்டர் என்று தெளிவாக எழுதியிருந்தது. சாண் கணக்கில் சொன்னால் ஒரு சாண்.

"சார், கதவு தரையைத் தொடக் கூடாதுன்னு இதுலயே இருக்கு" என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. "ஒப்பந்தக்காரர்தான் நீளமா போட்டிருக்கார். அக்கா அறுத்தப்புறம்தான் வரைபடப்படி ஆயிருக்கு."

"அது பழைய வரைபடமா இருக்கும்" என்றார் பொறியாளர்.

"உங்க கையெழுத்து இருக்கு சார். போன வருஷத் தேதி."

ஏழு பேர் குழு, ஒரு பொறியாளர், ஓர் ஒப்பந்தக்காரர். இத்தனை பேரில் ஒருவரும் அந்தத் தாளைப் பிரித்துப் படிக்கவில்லை. அதைக் கண்ணால் பார்க்காத ஒருவர்தான் அதன்படி வேலையை முடித்திருக்கிறார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீ சேர்ந்து எத்தனை மாசமாச்சு?" என்றார். அதோடு விசாரணை முடிந்தது.

உத்தரவு பத்து நாளில் வந்தது. 'ஒப்பந்தக்காரரின் பிழையைத் துறையே கண்டறிந்து உடனடியாகத் திருத்தியது' என்று பொறியாளர் வாசகம் எழுதிக் கொடுத்திருந்தார். கூச்சம் என்பது அவர் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அக்கா மீதான குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. ஆனால் இனி அனுமதியின்றி எதையும் திருத்தக் கூடாதென்று எச்சரிக்கை. நிரந்தர ஆணைக்குத் தடையில்லை.

கொண்டுபோய்க் கொடுத்தேன். தடையில்லை என்ற வரியை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொன்னார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

"ஆம்பளைங்க பக்கம் கதவு இன்னும் தரையைத் தொட்டுக்கிட்டுத்தான் இருக்கு தம்பி. அங்க விழறவன் மனுசன் இல்லையா?"

"குழு அனுமதி வேணும்க்கா. எழுதுறேன்."

அன்றே எழுதினேன், வரைபடத்தின் நகலையும் மேலாக வைத்து. இரண்டு மாதமாகிறது. குழு கூடவில்லை. குழுத் தலைவர் வெளியூரில் பயிற்சியில் இருக்கிறார். பொதுக் கழிப்பறைப் பாதுகாப்பில் பயிற்சி.

அதுவரை அக்கா அரை மணிக்கொரு தரம் ஆண்கள் பக்க வாசலில் போய் நிற்கிறார். "உள்ள இருக்கறவங்க எல்லாம் குரல் குடுங்கய்யா!" என்று கத்துகிறார். கடைவீதியே திரும்பிப் பார்க்கிறது. உள்ளேயிருந்து ஒவ்வொருவராக, "இருக்கேன்க்கா", "இருக்கேன்க்கா" என்கிறார்கள்.