நடுவில் கறுத்த கல்

"ஏனுங்க அம்மணி, கல்லுக்குள்ள கரும்புள்ளி இருக்குதுங்க. நிச்சயத்தையே நிறுத்திப்போடலாம்னு இருக்கேன்."

வைரப் பொட்டலத்தை என் கவுண்டரில் வைத்ததும் பெண்ணின் அப்பா சொன்னது இதைத்தான். கோபிசெட்டிபாளையத்து விவசாயி. பக்கத்தில் பெண். சற்றுத் தள்ளி, துடியலூரிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அம்மா. போன வாரம் நான் லீவில் இருந்தபோது எங்கள் நகைக்கடையில் நிச்சய மோதிரத்துக்காக அந்தக் கல்லை எடுத்தவர் அவர்தான்.

வைரம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது என்பார்கள். மோதிரத்தில் பதிக்கும் முன் கல்லைச் சில நாள் வீட்டில் வைத்துப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெண் வீட்டில் வைத்த அன்றே கிணற்று மோட்டார் எரிந்துவிட்டதாம். அப்புறம் கல்லில் குறை தேடாமல் இருப்பார்களா?

லூப் என்கிற பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மேலிருந்து பார்த்தால் நடுவில் கறுப்பு. பக்கவாட்டில் திருப்பினால் உள்ளே சுத்தம். புள்ளி இல்லை, கட்டிங்தான் கோளாறு. எடை குறையக் கூடாதென்று அடிப்பக்கத்தை ஆழமாக விட்டிருந்தார்கள். அப்படித் தீட்டினால் உள்ளே போன வெளிச்சம் மேலே திரும்பாது, நடு இருண்டுவிடும். ஆனால் கட்டிங் மோசம் என்று சொன்னால், எடுத்துக் கொடுத்த அந்த அம்மா எங்கே முகத்தை வைத்துக்கொள்வார்?

"புள்ளி இல்லீங்க. பட்டை சரியில்லீங்க. எங்க கடைத் தப்பு" என்றேன். மேனேஜர் முறைத்தார்.

"அப்ப எம் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?"

அதை எந்த லூப்பில் பார்ப்பது?

மாப்பிள்ளையின் அம்மா அழுதுவிட்டார். "பெருசா இருக்கோணும்னுதானுங்க எடுத்தேன். லைட்டுல நல்லாத்தான் மின்னுச்சு."

கடை லைட்டில் கண்ணாடிச் சில்லும் மின்னும். கட்டிங் சரியான சிறிய கல் ஒன்றை எடுத்துக்கொண்டு எல்லோரையும் வாசல் நிழலுக்கு அழைத்துப்போனேன். இரண்டையும் பெண்ணின் விரலிடுக்குகளில் வைத்தேன். பெரியது செத்துக் கிடந்தது. சின்னது துள்ளியது.

"சின்னதா இருக்குதே, சனம் என்ன பேசும்?" என்றார் அந்த அம்மா.

பெண் சட்டென்று கேட் வரை நடந்து கையை நீட்டினாள். உதிரிக் கல், விழுந்தால் என் வேலை போச்சு.

"அத்தை, தெரியுதுங்களா?"

"சின்னதுதான் தெரியுது கண்ணு."

சொன்ன அந்த அம்மாவே சிரித்துவிட்டார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "இதையும் ஊட்டுல வெச்சுப் பார்த்துப்போட்டுச் சொல்றேன்" என்று வாங்கிக்கொண்டு போனார். அடுத்து வந்த நாட்களில் போன் அடித்தாலே எனக்குப் பக்கென்றது.

கடைசியில் அவரே அழைத்தார். "மோட்டார் நல்லா ஓடுதுங்க அம்மணி. கல்லைப் பதிச்சுருங்க."

இப்போதெல்லாம் வைரம் கேட்டு யார் வந்தாலும் முதலில் வாசல் நிழலுக்குத்தான் கூட்டிப்போகிறேன். எடையை அப்புறம் சொல்கிறேன்.