மலை என்றால் எந்த மலை?

இன்று ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ரேவதிக்கு. பிரவுசிங் சென்டர் நடத்துகிறார். ஆதார் திருத்தம், பட்டா நகல் என்று எந்நேரமும் ஆள் நிற்கிற கடை.

விஷயம் அலமேலுவிடமிருந்து தொடங்குகிறது.

அலமேலு கல்வராயன் மலைக்காரர். ஊர்ப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு சாமை பயிரிட்டு, அங்கேயே மெஷினில் உமி நீக்கி அரிசியாக்குகிறார். நிருபரான நான் செய்திக்காகப் போய்ப் பழக்கமானவர்.

வருடா வருடம் வியாபாரியின் லாரி மேலே ஏறும். அவர் சொல்வதுதான் விலை.

இந்த முறை நேராக விற்றுப் பார்க்கலாம் என்று, செல்போனிலேயே இலவசமாக ஒரு வெப்சைட் போட்டார்கள். வாசகம் முழுக்க அலமேலுவுடையது. எழுத்துப்பிழை பார்த்தது நான். (இரண்டு கண்டுபிடித்தேன். பெருமையாக இருந்தது!)

லாரி வரும் நாள் நெருங்கியது. வெப்சைட் பார்த்து ஒரு போன்கூட வரவில்லை.

"இன்னா சார், நெட்ல போட்டா உலகமே பாக்கும்னீங்க. எங்க வூட்டுக்காரரே இன்னும் பாக்கல!"

அப்படிச் சொன்னது நான்தான். ஆகவே அவரை ரேவதியிடம் அழைத்துப் போனேன்.

ரேவதி தேடுபொறியில் 'கல்வராயன் மலை சாமை அரிசி' என்று டைப் செய்தார்.

அருவிப் படங்கள் வந்தன. லாட்ஜ் வந்தது. எங்கோ இருக்கிற கம்பெனியின் சாமைப் பாக்கெட் வந்தது. அலமேலு வரவில்லை.

வெப்சைட்டின் முழு முகவரியை அடித்ததும் பக்கம் பளிச்சென்று திறந்தது.

"இருக்குதே! அப்போ தேடுனா ஏம்மா வரல?"

"அக்கா, நாம தேடறப்போ அது ஊர் ஊரா ஓடிப்போய்ப் பாத்துட்டு வர்றதில்ல. முன்னாடியே சுத்திப் பாத்து குறிச்சு வெச்சிருக்கும். அதுல இருந்துதான் எடுத்துக் குடுக்குது."

"யாரு சுத்தறது?"

"ஒரு புரோகிராம். ஒரு பக்கத்துல இன்னொரு பக்கத்துக்கு லிங்க் இருந்தா, அதப் புடிச்சிக்கினு அங்க போவும். அங்கிருந்து அடுத்தது. போய்க்கினே இருக்கும். உங்க லிங்க்க எங்க குடுத்தீங்க?"

"வாட்ஸப்ல எல்லாருக்கும் அனுப்பினமே!"

"உங்க வாட்ஸப்புக்குள்ள அது வராதுக்கா."

அலமேலு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"ரோடு போடாத ஊருக்கு பஸ் வரலன்னு திட்டிக்கினு இருந்திருக்கோம்!"

(ரோட்டுக்காகப் பல முறை மனு கொடுத்தவர். அவருக்குப் புரியாமல் யாருக்குப் புரியும்!)

அந்தப் புரோகிராம் போன இடத்திலெல்லாம் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறது. தடித்த புத்தகங்களின் கடைசியில் சொல்லையும் பக்க எண்ணையும் போட்டிருப்பார்களே, அதேபோல, ஆனால் மிக மிகப் பெரியது. நாம் தேடும் சொற்களுக்குப் பொருந்தும் பக்கங்களை அதிலிருந்து எடுத்து, எது நமக்கு அதிகம் உதவும் என்று கணித்து வரிசைப்படுத்துகிறது. வேறு நல்ல பக்கங்கள் ஒரு பக்கத்தைச் சுட்டிக்காட்டினால் அதற்கும் மதிப்பு உண்டு.

"துட்டு குடுத்தா மேல போடுவாங்களா?"

"அது விளம்பரம்க்கா. விளம்பரம்னே எழுதியிருக்கும். இந்த வரிசைய வெலைக்கு வாங்க முடியாது."

பிறகு ரேவதி அலமேலுவின் பக்கத்தை ஒருமுறை முழுதாகப் படித்தார். மானிட்டரை எங்கள் பக்கம் திருப்பினார்.

'எங்க மலைச் சாமை. மலையிலேயே விளைஞ்சது. மலைக்கு வந்தும் வாங்கலாம்.'

"இதுல எந்த ஊருன்னு எங்கக்கா இருக்குது?"

"மலைன்னு மூணு தடவ இருக்குதே!"

"எந்த மலை?"

அலமேலு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா கேக்கற? மலைன்னா மலைதான்!"

நானும் அதையே சொல்ல வாயெடுத்தேன்!

எங்கள் பஸ் ஸ்டாண்டில் "மலைக்கு பஸ் எப்போ?" என்றுதான் கேட்போம். எந்த மலை என்று யாரும் கேட்டதில்லை. மலையடிவாரத்து வடக்கனந்தலில் கேட்டாலும் அதேதான். முழுப் பெயர் சொன்னால் டூரிஸ்ட் என்று நினைத்துவிடுவார்கள்.

ஆனால் வெளியூரில் தேடுகிறவருக்கு?

ஒவ்வொரு செய்திக்கும் முதலில் ஊர்ப்பெயர் போட்டே பழகியவன் நான். அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு அது உறைக்கவே இல்லை.

அங்கேயே உட்கார்ந்து திருத்தினோம். கல்வராயன் மலை, கள்ளக்குறிச்சி மாவட்டம், சாமை அரிசி, பார்சலில் அனுப்பும் விதம். வாங்குகிறவர் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவாரோ அந்தச் சொல். பக்கத்தை வந்து பார்க்கும்படி தேடுபொறிக்கு ரேவதி ஒரு கோரிக்கையும் அனுப்பினார்.

மலையைப் பற்றி நான் நெடுநாளாக எழுதிவரும் வலைப்பூவிலிருந்து ஒரு லிங்க் கொடுத்தேன். (அதைப் படிப்பவர்கள் மிகச் சிலர். ஆனால் அந்தப் புரோகிராம் ஒன்றுவிடாமல் படித்திருக்கிறது!)

அப்புறம் காத்திருப்பு. தினமும் அலமேலுவின் போன்.

"வந்துதா சார்?"

"இன்னும் இல்லம்மா."

"லாரி வந்துடும் சார்."

நேற்று தேடலில் பக்கம் வந்துவிட்டது! முதலிடத்தில் இல்லை, அருவிப் படங்களுக்குக் கீழேதான். ஆனாலும் வந்துவிட்டது.

இன்று காலை அலமேலுவே கூப்பிட்டார். சேலத்தில் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா நெட்டில் பார்த்துப் பேசியிருக்கிறார். இருக்கிற மூட்டைகளில் பாதிக்கு ஆர்டர். சரக்கு பிடித்தால் மீதியும்.

"மொதல்ல இன்னா கேட்டாங்க தெரியுமா சார்? 'கல்வராயன் மலைங்களா?'ன்னாங்க. எனக்கு வேற யாரோட ஊர் பேரோ மாதிரி இருந்துது!"

"லாரிக்காரர் வந்தாரா?"

"வந்தாரு. ஆர்டர் மூட்டைய தனியா எடுத்து வெச்சிட்டேன். இன்னா மூட்டை கம்மியா இருக்குதுன்னாரு. வெலையும்தான் கம்மியா இருக்குதுன்னேன். வியாபாரிகிட்ட போன்ல பேசிட்டு, வெலைய ஏத்திக் குடுக்கறேன்றாரு!"

ஓடிப்போய் ரேவதியிடம் சொன்னேன். ரொம்ப நன்றிம்மா என்றேன்.

"நன்றி இருக்கட்டும் சார். பேஸ்புக்ல போடுவீங்க இல்ல? என் கடை எந்த ஊருன்னு மறக்காம எழுதுங்க!"

எழுதிவிட்டேன் ரேவதி. கள்ளக்குறிச்சி. கள்ளக்குறிச்சி. கள்ளக்குறிச்சி.

(மூன்று முறை எழுதினால் மேலே வருமா என்றும் கேட்டேன். வராதாம்!)