சுவரில் ஒட்டியிருந்த மூன்று கண்ணாடித் துண்டுகள்

போன வருடம் குளிர் விடும் சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டெல்லியில் ஒரு பழைய தியேட்டரில் நடந்தது இது. படம் ஓட்டுவதை நிறுத்திப் பல வருடம் ஆன கட்டடம். வளைந்த பால்கனி, கூரை முழுக்கச் சுதை வேலைப்பாடு. உரிமையாளர் அதை இடித்துவிட்டுக் கடைகள் கட்டுவதாக இருந்தார். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் இஞ்சினியர் பெண் ஒருத்தி, எங்கள் ஜனக்புரித் தமிழ்க் குடும்பம்தான், நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு விட்டுப் பார்க்கும்படி அவரைச் சம்மதிக்க வைத்திருந்தாள். முதலில் எடுத்தது எங்கள் தமிழ்ச் சங்கம், குழந்தைகள் விழாவுக்காக.

அலங்காரம் என் பொறுப்பு. நான் ஒரு சுத்தப் பைத்தியம். ஹோட்டலுக்குப் போனால்கூட மேஜையை என் கைக்குட்டையால் ஒரு தரம் துடைத்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். பால்கனிக்கு ஏறும் படிக்கட்டுச் சுவரில் நீளமாக ஒரு விரிசல். அதன் குறுக்கே விரல் நீளத்தில் மூன்று கண்ணாடித் துண்டுகளை யாரோ ஒட்டி வைத்திருந்தார்கள். நடுவில் இருந்தது இரண்டாக உடைந்திருந்தது. குழந்தைகள் சுவரைத் தடவிக்கொண்டே ஏறுவார்களே, கையைக் கிழித்துவிட்டால்? ஸ்க்ரூடிரைவரால் மூன்றையும் பெயர்த்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். விரிசலை மறைத்து வண்ணக் காகிதத் தோரணம் ஒட்டினேன். என்னை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

பத்து மணிக்குள் பால்கனியில் எழுபது எண்பது பேர் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். முதல் வரிசையில் என் மகள், தோழிகளோடு. அப்போதுதான் அந்த இஞ்சினியர் பெண் வந்தாள். நேரே படிக்கட்டுக்குப் போய்த் தோரணத்தைத் தூக்கிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"அங்கிள், இங்க இருந்த கிளாஸ் எங்க?"

நான்தான் எடுத்தேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. விரிசல் கொஞ்சம் அகலமானாலும் அந்தக் கண்ணாடி உடைந்துவிடுமாம். சுவர் அசையாமல் இருக்கிறதா என்று அதை வைத்துத்தான் மாதக்கணக்கில் கவனித்து வந்தாளாம். முந்தின நாள் மாலை மூன்றும் முழுசாக இருந்தனவாம். கண்ணாடியைத் தொடவேண்டாம் என்று சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில்கூட எழுதியிருந்தாள். குட்மார்னிங் படங்களுக்கு நடுவே வந்த அந்தச் செய்திக்கு, படிக்காமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியவன் நான்.

குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தோம். மூன்றுமே நொறுங்கிக் கிடந்தன.

"ஜல்தி சொல்லுங்க அங்கிள். நீங்க எடுக்கறதுக்கு முன்னாடியே ஏதாவது உடைஞ்சிருந்துதா? இல்ல, எடுக்கறப்போதான் உடைஞ்சுதா?"

நான் நொறுங்கிய துண்டுகளையே பார்த்தேன். பக்கத்தில் சங்கத் தலைவரும் உரிமையாளரும் நின்றார்கள். உடைந்திருந்தது என்றால் விழா நின்றுவிடும். கட்டடத்தை இடிக்க உரிமையாளருக்கு அதுவே சாக்காகிவிடும். என் முட்டாள்தனமும் ஊருக்கே தெரிந்துவிடும்.

"நடுவுல இருந்தது முன்னாடியே உடைஞ்சுதான்மா இருந்தது" என்றேன் ஒருவழியாக.

அவள் பதறாமல் மைக்கை வாங்கி, எல்லோரையும் வெளியே வரச் சொன்னாள். ஐந்தே நிமிடத்தில் தியேட்டர் காலி. காரணம் தெரியாத என் மகள், நாடகம் கெட்டுப்போனதென்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

மதியம் ஆள் வைத்து, விரிசல் ஓரம் காரையைப் பெயர்த்தார்கள். பால்கனியைத் தாங்கும் மர உத்திரத்தின் முனை தெரிந்தது.

"கை வெச்சுப் பாருங்க அங்கிள்."

தொட்டேன். டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி கையோடு வந்துவிட்டது. உள்ளே கரையான் தின்றிருந்தது. அதன் மேல்தான் என் மகள் உட்கார்ந்திருந்தாள்! அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

கெட்டது அந்த ஒரு உத்திரம்தான் என்று பிறகு தெரிந்தது. முட்டுக் கொடுத்து அதை மாற்றினார்கள். உரிமையாளரும் இடிக்கும் எண்ணத்தைத் தள்ளி வைத்தார். இந்த வருட விழா அங்கேயே நடந்தது.

நல்லவேளை, நீங்கள் சரியாகக் கவனித்து வைத்திருந்தீர்கள் என்று இப்போதும் சிலர் என்னைப் பாராட்டுகிறார்கள். நானும் தலையாட்டி வைக்கிறேன். ஆனால் அவள் கேட்டதற்கும் நான் வாய் திறந்ததற்கும் நடுவே அரை நிமிடமாவது போயிருக்கும். பெற்ற பெண் மேலே உட்கார்ந்திருக்கும்போது, பொய் சொல்லித் தப்பித்துவிடலாமா என்று நான் யோசித்த அரை நிமிடம் அது என்பதை வீட்டில் சொல்ல இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.