துண்டுக்கடியில் புளியங்கொட்டை

போன மாதம் சென்னையிலிருந்து வந்த மருமகள் எனக்கு ஒரு தோல் பர்ஸ் வாங்கி வந்தாள். அதில் வைக்க என்னிடம் இப்போது பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஆசையாகத்தான் வாங்கிக்கொண்டேன். வாங்கிய கையோடு மூக்கருகே கொண்டுபோனேன். "என்ன மாமா, மோந்து பாக்குறீங்க, முறுக்கா அது?" என்று சிரித்தாள். ஒரு வாடையும் இல்லை. பதனிடப் போடுகிற ஆவாரம்பட்டையின் வாடை அடிக்காத தோலைத் தோல் என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

அவளுக்கு அப்போதுதான் ஒரு பெரிய கம்பெனியில் கொள்முதல் பிரிவுக்குத் தலைமைப் பதவி கிடைத்திருந்தது. "மேசையச் சுத்தி உக்காந்திருக்கிறவங்க எல்லாம் ஆம்பளைங்க மாமா, நான் ஒருத்திதான்" என்றாள். விலையெல்லாம் எப்படியம்மா பேசுவீர்கள் என்று கேட்டேன். எல்லாம் கம்ப்யூட்டரிலேயே முடிந்துவிடும் என்றாள். "அப்ப யாரும் யாரு கையையும் பிடிக்க வேண்டியதில்ல" என்றேன். ஒரு மாதிரி பார்த்தாள். மாமாவுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்திருப்பாள். விளக்கமாகச் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவளுக்குப் போன் வந்துவிட்டது. அவளுக்குச் சொல்ல முடியாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கம் ஒரு ராவுத்தர் நடத்திய தோல் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். கிராமங்களிலிருந்து ஆட்டுத் தோலை வாங்கி, பதனிட்டு, மதராசுக்கு அனுப்புகிற கம்பெனி. ஆபீஸ் முன்னால், சுண்ணாம்புத் தொட்டிகள் பின்னால். நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தச் சுவருக்கு வாடையைத் தடுக்கத் தெரியாது. நான் கைக்குட்டைக்குள் கற்பூரம் முடிந்து வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். என்னைப் பக்திமான் என்று நினைத்தவர்களும் உண்டு. வீட்டிலோ, கொல்லைப்புறமாக வந்து குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழையலாம் என்று எனக்குத் தனிச்சட்டம்.

நான் சேர்ந்த சமயத்திலேயே டைப் அடிக்க ஒரு பெண்ணும் சேர்ந்தாள். பெயர் தனலட்சுமி. ரெட்டியார்சத்திரத்துக்கு மேற்கே, ஒட்டன்சத்திரம் போகிற வழியில் ஒரு கிராமம். அப்பாவுக்குக் காய்கறி விவசாயம். பேச்சில் அந்தப் பக்கத்து 'ங்க' தாராளமாக விழும். கோபமாகத் திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவாள். காலையில் பஸ்ஸில் வருவாள், சாயங்காலம் பஸ்ஸில் போவாள். நான் கற்பூரத்தை மோந்துகொண்டு சாப்பிடுகிற மத்தியான வேளையில் அவள் சாப்பாட்டுத் தூக்கை மூடிவைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விடுவாள். அங்கே தோலை விரித்துப் போட்டுத் தரம் பிரித்துக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். "அங்க போயி என்னத்தப் பாக்குறீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன். "நாம எதை வாங்கி விக்கிறோம்னு தெரியாம எப்படீங்க டைப் அடிக்கிறது?" என்றாள். நான் அதுவரை அப்படித்தான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு வீட்டில் ஒரு நெருக்கடி இருந்தது. வேலையை விட்டுவிட்டு வருகிற தையில் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி அப்பா ஒற்றைக்காலில் நின்றார். அவளுக்கு விட மனமில்லை. டைப் அடிக்கிற வேலைக்குத் தினமும் பஸ் ஏறணுமா என்று அவர் கேட்டிருக்கிறார். "நீ மேனேசரா ஆனீன்னா சொல்லு, நான் வாயத் தொறக்கல" என்று கேலியாக ஒரு வார்த்தையும் விட்டிருக்கிறார். நடக்காது என்ற தைரியத்தில் சொன்னது. இவள் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

பிடித்த வேளை நல்ல வேளை. கொள்முதல் மேனேஜரை முதலாளி மதராஸ் கிளைக்கு மாற்றினார். நாற்காலி காலியானது. அது எனக்குத்தான் என்று கம்பெனியில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கு இருந்த தகுதிகள் இரண்டு. நான் ஆண்பிள்ளை. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும். தோலைப் பார்த்தால் எனக்குக் குமட்டும் என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. தனலட்சுமி யாரையும் கேட்காமல் நேரே முதலாளி அறைக்குள் போய், "அந்த வேலைய எனக்குக் குடுங்க" என்றாள். கதவு திறந்திருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

முதலாளி நல்ல மனுஷன். தாடியைத் தடவிக்கொண்டே, "வேல ஒனக்குத் தெரியும் தாயி. அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. ஆனா சந்தையில துண்டுக்குள்ள ஒங்கிட்ட யாரு கை குடுப்பா?" என்றார்.

இந்தத் துண்டு சமாசாரத்தைச் சொல்லிவிட வேண்டும். அய்யலூரில் வாரச் சந்தை நாளில் ஆடு விற்கிற இடத்துக்குப் பின்னால், புளியமரத்து நிழலில், ஊர் ஊராகத் தோல் சேகரிக்கிற வியாபாரிகள் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து வைத்திருப்பார்கள். எங்களைப் போல நாலைந்து கம்பெனிக்காரர்கள் வாங்க நிற்பார்கள். விலையை வாயால் சொன்னால் அடுத்தவன் காதில் விழுந்துவிடும். அதனால் விற்பவரும் வாங்குபவரும் ஒரு துண்டைப் போட்டுக் கையை மூடிக்கொண்டு, உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை பேசுவார்கள். இத்தனை விரல் என்றால் இத்தனை ரூபாய். உள்ளங்கையைச் சேர்த்து ஓர் அழுத்து அழுத்தினால் வியாபாரம் முடிந்தது. அதற்குப் பிறகு பேச்சு கிடையாது. இதில் எந்த ஆம்பளை ஊரார் பார்க்க ஒரு கல்யாணமாகாத பெண்ணின் விரலைப் பிடிப்பான்? அவள் படிப்பையோ புத்தியையோ யாரும் குறை சொல்லவில்லை. அந்த ஒன்றரை முழத் துண்டுதான் குறுக்கே நின்றது.

முதலாளி ஒரு வழி சொன்னார். பக்ரீத் வரைக்கும் அவள் சந்தைக்குப் போய்ப் பார்க்கட்டும், கைக்கு நான் கூடப் போக வேண்டியது. "மூள அவளுது, கை ஒன்னுது" என்றார் என்னைப் பார்த்து. பக்ரீத்துக்குள் சரிப்பட்டு வந்தால் நாற்காலி அவளுக்கு. இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுப்பார். என் கையை இப்படி இரவல் கொடுத்தது பற்றி என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. உண்மையில் எனக்குச் சந்தோஷம். அந்த நாற்காலியில் உட்காருவதைவிடக் கையை மட்டும் அனுப்புவது எவ்வளவோ தேவலை.

சந்தையில் எல்லோரும் என்னைப் பார்த்துத்தான் பேசினார்கள். அவள் கேள்வி கேட்டாலும் பதில் எனக்கு வரும். "இந்தக் கட்டுல எத்தன தோல் கத்தி பட்டுருக்குங்க?" என்று அவள் கேட்பாள். "பெருசா ஒண்ணும் இல்லைங்க சார்" என்று என்னிடம் சொல்வார்கள். அவள் கட்டைப் பிரித்து ஓட்டை விழுந்த தோலை எடுத்து நீட்டுவாள். "அது ஒண்ணுதான் சார்" என்பார்கள், அதையும் என்னிடம்தான். அவள் அதற்காக முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. விலையை என் காதில் சொல்வாள், நான் துண்டுக்குள் கையை விடுவேன்.

நாலைந்து சந்தை இப்படியே ஓடியது. பிறகு காசிம் பாயிடம் வந்து மாட்டினோம். அந்த வட்டாரத்தில் பெரிய சரக்கு அவருடையதுதான். மருதாணி போட்ட தாடி, அதிகம் பேசாதவர், விரல் நகம் வெட்ட நேரம் இல்லாதவர். அவர் சொன்ன விலை அதிகம். அதற்கு எவ்வளவு கீழே வரவேண்டும் என்று தனலட்சுமி என் காதில் சொல்லியிருந்தாள். நான் விரலை மாற்றப் போகிற நேரம் பார்த்து அவர் நகம் என் உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்தது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ளங்கையில் கூச்சம் அதிகம். உடம்பே நெளிந்து, என்னை அறியாமல் அவர் கையை இறுக்கிப் பிடித்துவிட்டேன். வியாபாரம் அவர் சொன்ன விலைக்கே முடிந்துவிட்டது.

காசிம் பாய் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். நான் தனலட்சுமியைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். பெரிய சரக்கு, பெரிய நஷ்டம், பக்ரீத்துக்கும் அதிக நாள் இல்லை. "இல்லேன்னு சொல்லிருவோம். துண்டுக்குள்ள நடந்தத யாரு பாத்தா?" என்றேன்.

"கை குடுத்தாச்சுங்களா இல்லீங்களா?"

"குடுத்தாச்சு. ஆனா அது கூச்சத்துல—"

"குடுத்தாச்சுல்லங்க. அப்புறம் என்ன" என்று திரும்பிப் போய், "பாய், சரக்க லாரியில ஏத்தச் சொல்லுங்க" என்றாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் கல்யாணப் பத்திரிகையை நானே அச்சடித்துக் கொடுத்துவிட்ட மாதிரி எனக்கு இருந்தது. வடமதுரையில் பஸ் நின்றபோது நிலக்கடலை வாங்கினாள். பாதியை என் கையில் கொட்டிவிட்டு, "உங்களுக்குக் கூச்சம்னு முன்னாடியே சொல்லப்படாதுங்களா?" என்றாள். "ஆம்பள எப்பிடிங்க கூச்சம்னு சொல்றது" என்றேன். அதற்கு அவள் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். அழுதுவிடுவாளோ என்று பயந்துகொண்டிருந்த எனக்கு உயிர் வந்தது. மறுநாள் முதலாளியிடம், "வெல கூடிப்போச்சுங்க, என் பொறுப்பு" என்று மட்டும் சொன்னாள். என் கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவரும் மேலே கேட்கவில்லை. ஆனால் நாற்காலியைப் பற்றியும் வாய் திறக்கவில்லை.

அடுத்த சந்தைக்கு அவள் ஒரு சுருக்குப் பையோடு வந்தாள். உள்ளே புளியங்கொட்டை. பாதி முழுக்கொட்டை, பாதி ஒரு பக்கம் கல்லில் உரசித் தட்டையாக்கினது, தாயம் விளையாட வைத்திருப்போமே, அது. நேரே காசிம் பாய் முன்னால் போய் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். "பாய், இனி என் வெலைய நானே பேசறனுங்க. முழுக்கொட்டை பத்து ரூபா, ஒரசுனது ஒரு ரூபா. துண்டு உங்களுதே இருக்கட்டும். உள்ள நீங்க வெக்கறத நான் தடவிப் பாத்துக்கறேன், வேணும்னா எடுப்பேன், வேணும்னா வெப்பேன். கை படாதுங்க. முடிஞ்சா மொத்தத்தையும் என் பக்கம் தள்ளிருங்க."

சுற்றி நின்ற கம்பெனிக்காரர்கள் சிரித்தார்கள். "பொட்டப்புள்ள தாயம் வெளாட வந்துருச்சுடோய்" என்று ஒருவன் குரல் கொடுத்தான். எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, ஓடவும் முடியவில்லை. காசிம் பாய் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு கொட்டையை எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தார்.

"போன வாரம் இந்தத் தம்பி கூச்சத்துல கைய நெரிச்சது எனக்குத் தெரியும்" என்றார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். "இல்லேன்னு சொல்லிட்டுப் போயிருந்தா நான் என்ன பண்ணியிருக்க முடியும்? சாட்சியா இருக்கு? இந்தப் புள்ள சொல்லல. துண்டுக்குள்ள ஆனத வெளிய வந்து மாத்தாத ஆளு கூட எனக்கு வெரலா இருந்தா என்ன, புளியங்கொட்டையா இருந்தா என்ன?" தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிப் பலகைமேல் விரித்தார். "வா தாயி, பேசுவோம்" என்றார்.

துண்டு கொஞ்ச நேரம் அசைந்தது. கொட்டை உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் மொத்தத்தையும் அவள் பக்கம் தள்ளினார். என்ன விலை என்று எனக்கே தெரியாது. என் கை அன்றோடு வேலையிலிருந்து ஓய்வு பெற்றது.

பக்ரீத் முடிந்த வாரம் அவள் மேனேஜர் ஆனாள். சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலை ஒன்று கட்டிக்கொண்டு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் அப்பா ஒரு கூடை கத்தரிக்காயோடு வந்து, நாற்காலியில் மகளைக் கண்ணால் பார்த்துவிட்டு, சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு வாயைத் திறக்காமலே போனார். கல்யாணம் பிறகு, அவள் ஒத்துக்கொண்டபோது, அவள் வேலைக்குப் போவதை ஒத்துக்கொண்டவரோடு நடந்தது. டீக்கடையில் என்னைக் கேலி செய்தார்கள். "ஏலே, பொம்பளகிட்ட வேல பாக்குறியாமே?" என்பார்கள். "ஆமாப்பா, நல்லாத்தான் இருக்கு, நீயும் வாரியா?" என்பேன். விளையாட்டுக்குச் சொன்னாலும் அது உண்மை. என் மாதிரி ஆளை எந்த மேசையில் உட்கார வைத்தால் உருப்படுவான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மதராசுக்குக் கடிதம் எழுதுகிற வேலையைக் கொடுத்து, பின்கட்டுப் பக்கமே என்னை அனுப்பாமல் காப்பாற்றினாள். பிள்ளைகளைப் படிக்க வைத்தது, வீடு கட்டியது எல்லாம் அந்த மேசையிலிருந்துதான்.

அவள் ஜெனரல் மேனேஜர் வரைக்கும் போனாள். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. வீட்டு வாசலைத் தாண்டாமல் பெண்களை வளர்த்த எங்கள் முதலாளி, அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள் காலை, கடைசி மகளைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குள் வந்தார். தனலட்சுமி எழுந்து நின்றாள். "நீ உக்காரு தாயி" என்றவர், "இவளுக்கும் ஒம்பக்கத்துல ஒரு நாற்காலி போடு. நான் சொல்லிக்குடுத்தா இவ கேக்கமாட்டேங்குறா" என்றார். நான்தான் உள்ளேயிருந்து நாற்காலியைத் தூக்கி வந்தேன். அன்றைக்கு எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. இப்போது நினைத்தாலும் நிறைகிறது.

கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். அந்த வாடை போய் எத்தனையோ காலமாகிறது. துண்டு போட்டுப் பேசுகிறவர்களை எங்கோ மாட்டுச் சந்தையில் ஒன்றிரண்டு பேராகப் பார்க்கலாம் என்கிறார்கள். முதலாளியும் காசிம் பாயும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வேலையை விட்ட பிறகும் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. வெளியூர் கிளம்பினால் தனலட்சுமிக்குப் போன் போட்டு, "மேனேஜரம்மா, லீவு வேணும்" என்பேன். "எதுக்குங்க?" என்பாள். மகன் வீட்டுக்கு என்பேன். "போயிட்டுச் சீக்கிரம் வந்து சேருங்க, வேலை கெடக்குது" என்பாள். கம்பெனியே இல்லாத காலத்தில் இரண்டு கிழங்களுக்கும் அது ஒரு விளையாட்டு. அவள் போன வருஷம் காலமானாள். தீபாவளிக்குச் சென்னை கிளம்பும்போது கை தானாகப் போனை எடுத்து அவள் நம்பரைப் போட்டுவிட்டது. மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். யாரிடமும் கேட்காமல் ஊருக்குப் போவது எனக்கு இன்னும் பழகவில்லை.