அரை இஞ்சு கூடிய கால்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஓணம் கழிந்த சமயம். குன்னத்துகால் பக்கம் எங்கள் ஊர். நாலு தோட்டம் தாண்டினால் தமிழ்நாடு. நான் டைல்ஸ் ஒட்டுகிறவன். முப்பது வருஷமாகக் குத்தவைத்தே பிழைப்பு. நான் போட்ட தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும். பெருமையாகத்தான் சொல்கிறேன்.

அந்தப் பிழைப்பில் என் இடது முழங்கால் உள்பக்கமாகத் தேய்ந்து, கால் வில்லாக வளைந்துவிட்டது. நெய்யாற்றின்கரைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் காட்டினேன். மூட்டையே மாற்ற வேண்டிய காலம் வரவில்லை, காலை நேராக்கினால் போதும் என்றார் டாக்டர். முட்டுக்குக் கீழே எலும்பைப் பாதி அறுத்து, விரித்து, பிளேட் வைத்து முறுக்குவார்களாம். கதவு நிலை சாய்ந்தால் நாங்கள் ஆப்பு வைத்து நிமிர்த்துவோமே, அதே வேலைதான். எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. அதனால் அதற்குப் பிறகு அவர் சொன்னதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினேன். எதையும் காதில் வாங்கவில்லை.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. மூன்று மாதத்தில் ஊன்றுகோலை விட்டேன். பழைய வலி போய்விட்டது. ஆனால் நடந்தால் இடது பக்கம் மட்டும் மேட்டில் ஏறுகிற மாதிரி இருந்தது. என் வீட்டுத் தரை நான் போட்டது, அது சரிந்திருக்க வழியே இல்லை. அப்படியென்றால் கோளாறு காலில்தான்.

மட்டம் பார்க்கிற டியூப்பை எடுத்தேன். தண்ணீர் நிரப்பிய நீளமான குழாய். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில்தான் நிற்கும். ஒரு முனையை மனைவியிடம் கொடுத்து, என் இரண்டு இடுப்பெலும்பிலும் வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் அரை இஞ்சு உயரம்! "டாக்டருக்கு அளவு பெசகிட்டு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். வலது செருப்புக்கு அடியில் அரை இஞ்சு ரப்பர் ஒட்டி வாங்கினேன். அதைப் போட்டு நடந்ததும் இடுப்பு வலிக்க ஆரம்பித்தது. அந்தப் பழியையும் டாக்டர் தலையிலேயே போட்டேன்.

சும்மா இருந்தேனா? டீக்கடை, பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, எல்லா இடத்திலும் சொன்னேன். பக்கத்து வீட்டுத் தையல்காரியிடமும் சொன்னேன். என்னைவிட நாலைந்து வயது இளையவர், எங்கள் வீட்டுத் துணியெல்லாம் அவர் கையில்தான். அவருக்கும் வலது முட்டு என்னைப் போலவே தேய்ந்து, மெஷின் மிதிக்க முடியாமல் பாதி வேலையைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். அதே டாக்டர், அதே ஆபரேஷன், அடுத்த வாரம் பெட் கிடைத்திருந்தது. தள்ளிப்போட்டால் அதே முட்டின் மற்ற பக்கமும் தேய்ந்துவிடலாம், அப்புறம் நேராக்கிப் பிரயோஜனமில்லை, மூட்டையே மாற்றவேண்டி வரும் என்று டாக்டர் அவரிடம் சொல்லியிருந்தார்.

"போவாண்டாம் மக்கா, காலு நீண்டுபோவும். டியூப் வச்சுப் பாத்தவனாக்கும் சொல்லுயேன்" என்றேன்.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டார். என் பேச்சுக்கு இவ்வளவு மதிப்பா என்று எனக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு மாதம் போயிருக்கும். அடுத்த வாரம் திருப்புறத்தில் ஒரு கல்யாணம். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாகப் பேண்ட் போட்டுப் பார்த்தேன். வலது பக்கம் சரியாக இருந்தது. இடது பக்கம் அரை இஞ்சு மேலே ஏறி நின்றது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? போட்ட பேண்டோடு நேராகத் தையல்காரி வீட்டுக்குப் போய் நின்று காலைக் காட்டினேன்.

அவர் குனிந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"அண்ணே, இது டாக்டருக்க வேல இல்ல. எனக்க வேலயாக்கும்" என்றார். "ஒங்களுக்க பேண்டுல இடது பக்கம் மட்டும் எப்பவும் தரையில ஒரசி நைஞ்சு வரும். அதுக்காக அந்தப் பக்கம் அரை இஞ்சு ஏத்தி மடிச்சு அடிச்சேன். ஆறு வருஷமா அப்பிடித்தான் அடிக்கேன்."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அளவெடுக்கவ ஒருத்தருக்க ஒடம்புல உள்ள கொறயச் சொல்லப்பிடாது அண்ணே. துணியில சரி பண்ணிட்டுப் போவணும்."

அப்படியென்றால் என் இடது கால் ஆறு வருஷத்துக்கும் மேலாகக் குட்டையாக இருந்திருக்கிறது! வீடு வீடாக மட்டம் பார்த்தவன் நான். என் காலை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. "அப்ப நான் போயிருக்கணும், இல்லியா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாளே அவரையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பையில் டியூப்பும் இருந்தது. பிசியோதெரபி பார்க்கிற பெண் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை, பிடித்துக் காட்டச் சொன்னார். தையல்காரி ஒரு முனை, மனைவி ஒரு முனை. அதே அரை இஞ்சு. அந்தப் பெண் என் இடது காலைத் தொடவே இல்லை. கீழே உட்கார்ந்து வலது முட்டைப் பிடித்தார்.

"ஈ காலல்ல சேட்டா, மற்றே காலு" என்று என் இடது காலைக் காட்டி மலையாளத்தில் சொன்னார். கோளாறு இந்தக் காலில் இல்லை, மற்ற காலில்தானாம். பிடித்திருந்த வலது முட்டை மெல்லப் பின்னால் தள்ளி நிமிர்த்தினார்.

டியூப்பில் தண்ணீர் ஆடி ஆடி நின்றது. வித்தியாசம் ஒரே ஒரு நூல். கொத்தனார் கணக்கில் ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு.

விஷயம் இவ்வளவுதான். வளைந்த இடது கால் குட்டையானதால், அதற்குச் சமமாக வலது முட்டை லேசாக மடக்கியே இத்தனை வருஷம் நின்றிருக்கிறேன். இடது கால் நேராகி நீண்டுவிட்டது. வலது காலுக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. நேராக்கும்போது கால் கொஞ்சம் நீளலாம், உடம்பு பழக நாளாகும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தாராம். நான் தலையாட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் சொல்லியிருப்பார். செருப்பு ரப்பரை அங்கேயே பிய்த்துப் போட்டேன்.

பிறகு தையல்காரியை மறுபடியும் எக்ஸ்ரே படம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் வெளியே நின்றேன். அந்த மற்ற பக்கமும் தேய்ந்திருந்தால்? அவர் மெஷினுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? என் எலும்பை அறுத்த வலியில்கூட நான் அப்படித் தவித்ததில்லை. அவர் நொண்டியபடி வெளியே வந்து, "இன்னும் நேரம் உண்டாம் அண்ணே" என்றபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பேண்டை இறக்கித் தரச் சொல்லி வேறு யாரிடமும் போகவேண்டாம் என்றார். "எனக்க காலு சரியான பொறவு நானே பிரிச்சுத் தாறேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டார். திருப்புறத்துக் கல்யாணத்துக்கு வேட்டி கட்டிக்கொண்டுதான் போனேன்.

அவருக்கு ஆபரேஷன் நடந்து ஏழு மாதம் கழித்து, ஒரு காலையில் பக்கத்து வீட்டில் மெஷின் சத்தம் கேட்டது. சாயங்காலம் அவரே நடந்து வந்து பேண்டைக் கொடுத்தார். முதலில் தைத்தது அதைத்தானாம். இடது கால் நுனியில் அரை இஞ்சுத் துணி மட்டும் வெயில் படாமல் புதுநிறமாகத் தெரிந்தது.

நான் இன்றும் தரையைப் பற்றி அடித்துத்தான் பேசுவேன், அதில் யாருக்கும் சளைத்தவனில்லை. ஆனால் முட்டு ஆபரேஷன் செய்யலாமா என்று யாராவது என்னைக் கேட்டால், அந்தப் புதுநிறத் துணியை ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு, "டாக்டர்கிட்ட கேளு மக்கா, அவரு சொல்லி முடிக்கது வர இருந்து கேளு" என்று மட்டும் சொல்கிறேன்.