கேபிளைக் கழற்றினால் பிழைத்துக்கொள்ளும் போர்டு

பொம்மசந்திராவில் எலெக்ட்ரானிக்ஸ் போர்டு செய்யும் கம்பெனி ஒன்றில் டெஸ்ட் இன்ஜினியராக இருக்கிறேன். தலையில் மிச்சமிருப்பதெல்லாம் வெள்ளை முடி. ஆகவே என் தவறுகளைப் பற்றி எழுதும் தகுதி வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அன்று காலையிலிருந்து புது லாட்டில் ஒரு போர்டுகூட டெஸ்டில் பாஸாகவில்லை. கம்ப்யூட்டருக்கும் போர்டுக்கும் நடுவே, போர்டைச் சோதிக்க உதவும் டீபக் (debug) அடாப்டர் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். எந்தப் பின் முனையில் எந்த சிக்னல், அதன் வோல்டேஜ் மேலே போனால் ரீசெட்டா (சிப்பை நிறுத்தி வைப்பது), கீழே வந்தால் ரீசெட்டா என்று அதை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேருக்குக் கான்ஃபிக் ஃபைலில் எழுதித்தர வேண்டும். அடாப்டர் அந்த வாரம்தான் மாறியிருந்தது. நானோ பழைய ஃபைலைக் காப்பி செய்து பெயரை மட்டும் மாற்றியிருந்தேன். அதன் தலையில் ‘வேலை செய்கிறது, கை வைக்காதே’ என்று எழுதி வைத்ததும் நானேதான். என் பேச்சை நான் தட்டுவதில்லை.

கன்னடம் கலந்தே பேசும் மேனேஜர் நாகராஜ் வந்தார். “ஏன்ரீ இது, எல்லாமே ஃபெயிலா?”

“சோல்டரிங் சரியில்ல சார்,” என்றேன். அவ்வளவு நிச்சயம் எங்கிருந்து வந்ததோ தெரியாது.

“சோல்டரிங் டேபிள்ல ஸ்டெல்லாதானே? காண்ட்ராக்ட்தானே, நாளையிலேருந்து வேணாம்னு சொல்லிடறேன்.”

ஸ்டெல்லா தங்கவயலிலிருந்து தினமும் ரயிலேறி வருகிறவர். விஷயம் தெரிந்ததும் அழவில்லை, கத்தவில்லை. நேராக என் டேபிளுக்கு வந்து, ஃபெயிலான போர்டு ஒன்றை எடுத்து, கேபிள் மாட்டாமலேயே பவர் கொடுத்தார். கேபிளை மாட்டிய பிறகுதான் பவர் என்பது நான் எழுதி ஒட்டிய விதி. பச்சை லைட் சிமிட்டியது.

“பாருங்க சார், சிப்பு உயிரோடதான் இருக்குது. இப்ப உங்க கேபிளை மாட்டுங்க.”

மாட்டினேன். லைட் நின்றது.

“எடுங்க.”

எடுத்தேன். மறுபடி சிமிட்டியது.

“என் சோல்டரிங் உங்க கேபிளைப் பாத்தா பயப்படுதா சார்?”

இரண்டு அடாப்டர்களின் ஸ்கீமாட்டிக்கையும், அதாவது சர்க்யூட் வரைபடத்தையும், எடுத்துப் பார்த்தேன். பழைய அடாப்டரில் ரீசெட் சிக்னலைத் தலைகீழாக்கும் பஃபர் ஒன்று இருந்தது, புதியதில் இல்லை. ‘ரீசெட்டை விடு’ என்று என் ஃபைல் சொன்னபோதெல்லாம் அந்தப் பின் போர்டின் கழுத்தைப் பிடித்திருக்கிறது. ஃபைலில் தலைகீழாக்கச் சொல்லும் இன்வெர்ட் குறி ஒன்றை நீக்கினேன். போர்டுகள் வரிசையாகப் பாஸாயின.

தப்பு என் ஃபைலில்தான், ஸ்டெல்லாவை நிறுத்த வேண்டாம் என்று நாகராஜிடம் சொன்னேன். “ஆய்து, விடுங்க, ரிப்போர்ட்ல கான்ஃபிகரேஷன் இம்ப்ரூவ்மென்ட்னு போட்டுடுங்க,” என்றார். ஸ்டெல்லா செய்தால் தப்பு, நான் செய்தால் இம்ப்ரூவ்மென்ட். ஃபாரத்தில் காரணத்துக்கு மூன்றே கட்டங்கள்: ஆபரேட்டர், மெஷின், மெட்டீரியல். இன்ஜினியரும் தப்பு செய்வார் என்பது அந்த ஃபாரத்தைத் தயாரித்த இன்ஜினியருக்குத் தோன்றவில்லை. ஆபரேட்டர் கட்டத்தில் டிக் போட்டு என் பெயரை எழுதினேன்.

மறுநாளும் ஸ்டெல்லா வேலைக்கு வந்தார். “தப்பு என்மேலதாம்மா,” என்று அவர் டேபிளுக்குப் போய்ச் சொன்னேன்.

“தெரியும் சார். நான் போயிருந்தாலும் இன்னிக்கு போர்டு ஃபெயிலாகியிருக்கும். அப்ப யாரு பேரைச் சொல்லியிருப்பீங்க?”

பக்கத்து டேபிள்காரரின் பெயர் என் வாயில் தயாராக இருந்திருக்கும். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. இப்போதெல்லாம் அடாப்டர் மாறினால் ஸ்கீமாட்டிக்கை விரித்து ஒவ்வொரு பின்னாக ஒத்துப்பார்க்கிறேன். அது முடியும்வரை யார் பெயரையும் சொல்வதில்லை.